சேனாதிபதி வேஷம்

"யட்சி சொல்லித்தான் சேனாதிபதி கெட்டுப் போனான்னு அப்பவே வாதாடுவியே, இன்னும் அப்படித்தான் நினைக்கிறியா?" என்று கேட்டார் மனோகரன்.

சதாசிவம் சிரித்தார். "வந்து உக்காரல, அதுக்குள்ள நாடகமா? முதல்ல பசியாறுடா."

மலேசியாவின் செனாயில் சதாசிவத்தின் வீடு. இருவரும் பார்த்து நாற்பத்தைந்து வருஷம். பெக்கோக் ரப்பர் தோட்டத்தில் ஒரே லயத்து வரிசை வீடுகளில் வளர்ந்தவர்கள். மனோகரன் கோலாலம்பூர் போய் பெரிய நடிகராகிவிட்டார். சதாசிவம் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அடுத்த வாரம் ஜோகூர் பாருவில் மனோகரனுக்கு விருது. அதற்கு முன் இந்த வீட்டில் அவர் வாங்க வேண்டியது ஒன்று இருந்தது. மன்னிப்பு.

தோட்டத்துத் திருவிழாவில் வருஷா வருஷம் ஒரே நாடகம்தான். காட்டு வழியில் யட்சி ஒருத்தி சேனாதிபதியை மறித்து, 'நீயே ராஜா ஆவாய்' என்பாள். அவன் தூங்குகிற ராஜாவைக் குத்திவிட்டு அரியணை ஏறுவான். கடைசியில் தானும் அழிவான்.

"யட்சி வாயைத் திறக்கலன்னா அவன் பாட்டுக்குக் காவல் காத்திருப்பான்லா" என்றார் சதாசிவம்.

"அவ குத்தச் சொல்லலியேடா. ராஜா ஆவேன்னுதான் சொன்னா. கத்தியை எடுத்தது அவனோட ஆசை."

"யட்சின்னதும் அந்த வேஷம் கட்டுன வீரமுத்து ஞாபகம்தான் வருது. மீசையை எடுக்க மாட்டேன்னு ஒரே அடம்!"

"முந்தானையால மூடிக்கிட்டே நடிச்சான். காத்துல முந்தானை பறந்ததும் ஐயோ அலமாக்னு கத்துனானே!"

இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். காலையில் ரப்பர் பால் வெட்டிய கை, ராத்திரியில் அட்டைக் கத்தி பிடித்த காலம். அந்தச் சந்தோஷம் எந்த விருதிலும் கிடைக்கவில்லை என்று மனோகரனுக்குத் தோன்றியது.

சதாசிவத்தின் மனைவி நாசி லெமாக் சோற்றைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, அங்கேயே ஓரமாக நின்றார். மனோகரன் தட்டைத் தொடவில்லை.

"சதா, சேனாதிபதி உன்னோட வேஷம். மூணு வருஷம் நீதான் கட்டுன. அந்த வருஷம் கோலாலம்பூர் நாடக சபா முதலாளி ஆள் எடுக்க வர்றாருன்னு எனக்கு மட்டும்தான் தெரியும்."

சதாசிவம் தட்டை அவர் பக்கம் நகர்த்தினார்.

எந்த வருஷமும் முனியாண்டி கோயிலில் வாக்குக் கேட்காமல் யாரும் வேஷம் கட்டியதில்லை. அந்த வருஷம் பூசாரி அய்யாவு அருள் வந்து ஆடினார். 'சதாசிவம் சேனாதிபதி கட்டினால் ரத்தம் பார்ப்பான். ராஜா வேஷம் கொடுங்கள்' என்றார். சாமி வாக்குக்கு மறுவாக்கு ஏது? சேனாதிபதி வேஷம் மனோகரனுக்கு வந்தது.

"அது சாமி சொன்னதில்லடா" என்றார் மனோகரன். "நான்தான் அய்யாவுக்கு ஒரு சேவல் குடுத்து சொல்ல வச்சேன். நாடகம் முடிஞ்ச காலையில நீ தோட்டத்த விட்டே ஓடிட்டேன்னு சொன்னாங்க. வேஷம் போன அவமானத்துலதான் ஓடிட்டேன்னு எனக்குப் புரிஞ்சுது. அப்பவும் வாயத் திறக்காம உடனே முதலாளி கார்ல ஏறிட்டேன், அதுக்கப்புறம் தோட்டத்துப் பக்கமே போகல. உன் வாழ்க்கையைத்தான்டா நான் வாழ்ந்துக்கிட்டிருக்கேன். நீ மன்னிக்கலன்னா அந்த விருது எனக்கு வேணாம்."

சதாசிவம் மெதுவாகக் கேட்டார்.

"ஒரு சேவல்தானா?"

"ஒண்ணுதான்."

"அய்யாவு கெட்டிக்காரருதான். அதே வாக்கைச் சொல்றதுக்கு எங்கிட்ட ரெண்டு வாங்கிட்டாரு!"

மனோகரன் திடுக்கிட்டு நிமிர்ந்தார். "நீயா? உன் வேஷத்த நீயே எதுக்குடா விட்டுக் குடுத்த?"

பதில் ஓரத்தில் நின்றவரிடமிருந்து வந்தது.

"என்னை அடையாளம் தெரியலையாண்ணே? தோட்ட ஆபீஸ் பெரிய கிராணி மக தேன்மொழி. ராஜா ஆரம்பத்துலயே செத்துடுவாரு. நீங்க விடிய விடிய நடிச்சீங்க, எங்கப்பா கண்ணை எடுக்காம உங்களையே பார்த்துக்கிட்டிருந்தாரு, நாங்க ரெண்டு பேரும் பெக்கோக் ஸ்டேஷன்ல ரயில் ஏறிட்டோம்!"