திசை மாறிய ரத்தக்குழாய்

ஆய்வுக்கூடம் ஒன்றில், பக்கவாதம் வந்த எலியின் தலைக்கு மேல் ஒரு சிவப்பு விளக்கு இருந்தது. மண்டையோட்டின் மெல்லிய இடம் வழியாக உள்ளே போய், எந்தக் குழாயில் ரத்தம் ஓடுகிறது, எதில் நிற்கிறது என்று பார்ப்பது அதன் வேலை. படம் பிடிப்பது கேமராவின் வேலை.

பெரிய குழாயை ஒரு ரத்தக்கட்டி அடைத்திருந்தது. அதை நம்பியிருந்த மூளைப் பகுதி வாடத் தொடங்கியிருந்தது.

"பெரியவர் திறந்தால்தான் எலி பிழைக்கும். அவரையே பார்த்துக்கிட்டிரு" என்றது கேமரா.

விளக்குக்கு மனசு கேட்கவில்லை. ஓரத்தில், மயிரிழை போன்ற ஒரு கிளைக்குழாயில் ஏதோ ஓடியது. எட்டிப் பார்த்தது.

"தம்பி, நேத்து நீ அந்தப் பக்கமாத்தானே ஓடினே? இன்னிக்கு எதிர்ப்பக்கமா ஓடுறியே?"

"ஆமாக்கா. நேத்து வரைக்கும் பெரியவர் கொடுத்தார். இன்னிக்கு அவர் பக்கமே வறண்டுபோச்சு. அதான் பக்கத்துக் குழாய்கிட்ட வாங்கி அங்கே கொண்டுபோறேன்."

"உன்னால தாங்க முடியுமா?"

"தெரியலக்கா. உடம்பெல்லாம் விண்ணுவிண்ணுனு வலிக்குது."

அதற்கு மேல் பேச அவனுக்கு நேரமில்லை.

நான்காம் நாள் எலி, முடங்கிக் கிடந்த முன்காலை நீட்டி ஒரு சோளமணியைப் பிடித்தது.

"பெரியவர் திறந்துட்டார்!" என்று கேமரா கூவியது.

விளக்கு ஓடிப்போய்ப் பார்த்தது. கட்டி இருந்த இடத்திலேயே இருந்தது. கிளைக்குழாய் மட்டும் இரண்டு மடங்கு அகலமாகி, நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

"அண்ணே, கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க."

கேமரா திரும்பியது. ஓரத்துக் கிளைக்குழாய் படத்துக்குள் வந்தது.

"இவன் இத்தனை நாளா எங்கே இருந்தான்?"

"இங்கேயேதான் அண்ணே. உங்க படத்துக்குச் சற்று வெளியே."