கத்தாத பிள்ளை

“இது நெய்னார் சேர்ட வேலைதான். எங்கட படத்துல வேற ஆருக்கு இவ்வளவு வயித்தெரிச்சல்?”

மாதப் பத்திரிகையைச் சுருட்டிப் பிடித்தபடி நௌஃபரின் கடைக்குள் நுழைந்தாள் றம்ஸியா டீச்சர். சனிக்கிழமை காலையில் வாசித்த கையோடு, சாட்சிக்கென்று மகள் ஸஹ்னாவையும் இழுத்துக்கொண்டு தில்லையடியிலிருந்து ஓட்டோவில் வந்திருந்தாள். புத்தளம் டவுனில் போட்டோக் கொப்பி எடுக்கும் அந்தச் சிறு கடைதான் பத்திரிகை அலுவலகமும்; நௌஃபர்தான் ஆசிரியர்.

“ஸலாம் சொல்ல முந்தியே சண்டையா டீச்சர்?” நௌஃபர் எழுந்து தன் கதிரையை மின்விசிறிக்குக் கீழே தள்ளி வைத்தார். “நீங்க இதுல இருங்க மகள். வேர்த்துக் கொட்டுது.”

“அவக்கு வெக்கை பழகிட்டு. போன தவணையில இருந்து வீட்டுக்குள்ளயும் முழுக்கைச் சட்டதான். நான் சொல்லாமலே வந்த ஒழுக்கம்.” அத்தனை கோபத்துக்கு நடுவிலும் றம்ஸியாவின் குரலில் ஒரு பெருமை எட்டிப் பார்த்தது.

பிறகு பத்திரிகையை விரித்து மேசையில் அடித்தாள்.

தன் மாணவிகளை வைத்து அவள் எடுத்த பன்னிரண்டு நிமிடப் படத்துக்கு அதில் ஒரு விமர்சனம் வந்திருந்தது. வகுப்பில் ஒரு பிள்ளையை மற்றவர்கள் சேர்ந்து வதைப்பதை, தொலைந்துபோன ஒரு கைப்பேசியில் அகப்பட்ட காட்சிகள் போலக் காட்டும் படம். பள்ளிக்கூடங்களுக்கிடையிலான வலயப் போட்டியில் பார்த்த தாய்மார் எல்லாரும் அழுதார்கள். நடுவர்களில் நெய்னார் சேர் மட்டும் கைதட்டவில்லை.

விமர்சனத்தின் கீழே பெயர் இல்லை. ‘ஒரு ரசிகர்’ என்று மட்டும் இருந்தது.

“கேளுங்க! ‘இந்தப் படம் பொய். அடி வாங்குகிற பிள்ளை இதில் கத்துகிறாள். உண்மையில் அவள் கத்த மாட்டாள். மற்றவர்களோடு சேர்ந்து சிரிப்பாள். சிரித்தால் சீக்கிரம் விட்டுவிடுவார்கள்.’” வாசிக்க வாசிக்க அவளுக்கு மூச்சு வாங்கியது. “பதினெட்டு வருசமா படிப்பிக்கிறன். எந்தப் புள்ள அழும், எந்தப் புள்ள சிரிக்கும் எண்டு எனக்குத் தெரியாதா?”

றம்ஸியா அடுத்த பத்திக்கு விரலை நகர்த்தினாள்.

“இன்னும் இருக்கு. ‘கன்னத்தில் அறைவதாகக் காட்டுகிறார்கள். அறைந்தால் தடம் தெரியும். பர்தாவில் குத்தும் குண்டூசி போதும். இயக்குநருக்கு இது தெரியவில்லை.’ குண்டூசியாம்! எங்கட பொம்புளப் புள்ளகளப் பத்தி எழுதுற எழுத்தா இது? அல்லாஹ்வுக்குப் பயப்பட வாணாமா?”

“கோவத்த வெச்சிட்டு இன்னொருக்கா வாசிங்க டீச்சர்.”

“என்னத்த வாசிக்கிற? ஒவ்வொரு வரியும் மனப்பாடம்! கடைசி வரியப் பாத்தீங்களா? ‘படம் முழுக்க ஒரு டீச்சர்கூட எட்டிப் பார்க்கவில்லை. அது மட்டும்தான் உண்மை.’ இது படத்துக்கு விழுந்த அடி இல்ல, எனக்கு விழுந்த அடி!”

ஸஹ்னாவின் கையைப் பிடித்து முன்னால் இழுத்தாள். பிடித்த இடம் நொந்ததுபோல் பிள்ளை சற்றுக் கூசினாள்.

“இவளும் அதே பள்ளிக்கூடம்தான். கேளுங்க இவள்ட்ட, அங்க இப்பிடியெல்லாம் நடக்குமா எண்டு. கேளுங்களன்!”

நௌஃபர் கேட்கவில்லை. தண்ணீர்ப் போத்தலைத் திறந்து ஒரு கோப்பையில் ஊற்றி, ஸஹ்னாவின் பக்கம் நகர்த்தினார்.

“நெய்னார் சேர் எழுதல்ல டீச்சர்,” என்றார் தணிந்த குரலில். “எழுதினவங்க என்னை நம்பித் தந்தது. அமானிதம். பேரச் சொல்லேலாது. ஆனா ஒண்டு சொல்லுவன். அது பத்திரிகைக்காக எழுதினதில்ல. நீங்க வாசிக்கோணும் எண்டு எழுதினது.”

“அப்ப என்ட மூஞ்சிக்கு நேர சொல்லுறது!” றம்ஸியா மேசையில் ஓங்கி அறைந்தாள். கொப்பி எடுக்க வந்து வாசலில் நின்ற இரண்டு பேர் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். “பேர் வாணாம். ஆள் வரட்டும்! பேடி மாதிரி ஒளிஞ்சிருந்து எழுதாம, என்ட முன்னால வந்து நிண்டு, என்ட கண்ணப் பாத்துச் சொல்லட்டும்!”



ஸஹ்னா தண்ணீரைத் தொடவில்லை. தாயைப் பார்த்து ஒரு கணம் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை.

“உங்கட முன்னாலதான் நிக்கிறன், உம்மா.”