பெயர் போடாத பெட்டிசம்

"மனிசர்ட உயிரை உமி மாதிரி ஊதி விடுற ஒருத்தர் எங்கட ஊருல மில் நடத்துறார். எழுதுங்க!"

யோகராசா முதலாளி சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டிருந்த அல்பேட் பேனாவைத் தூக்கிப் பிடித்தார். அரசாங்க அலுவலகங்களுக்கு அனுப்பும் முறைப்பாட்டு மனுவான பெட்டிசத்தை ஊருக்கெல்லாம் எழுதிக் கொடுக்கிறவர் அவர்.

"ஒருத்தர் எண்டா எப்பிடி? பேர் வேணாமா முதலாளி?"

"பேர் போட்டாப் பொறாமையில எழுதினதெண்டு நினைப்பானுகள். களுவாஞ்சிக்குடிச் சந்தைக்குக் கிட்டக் கிடக்கிற அரிசி மில் எண்டு போடுங்க. அங்க கிடக்கிறதே ரெண்டு மில். ஒண்டு எண்ட மில். மத்ததைக் கண்டுபிடிக்க அவனுகளுக்கு ஏலாதா?"

மற்றது நல்லரத்தினத்தின் மில்.

தொண்ணூற்றாறாம் ஆண்டு மாரி அறுவடை. வெல்லாவெளி வயல் வட்டைகளில் விளைந்த நெல் ஓடத்தில் வாவியைத் தாண்டி, ஆமிச் சென்றிக் காவலரணில் மூட்டை மூட்டையாகக் குத்திப் பார்க்கப்பட்டு, யோகராசாவின் வாசலையும் கடந்து நேராக நல்லரத்தினத்திடம்தான் போனது. நெல் ஏற்றிப் போன ஒவ்வொரு உழவு மெசினையும் யோகராசா வாசலில் நின்று எண்ணினார். மூட்டை தூக்கித் தோள் காய்த்து மில் வைத்தவர் அவர். நல்லரத்தினம் நேற்று வந்தவன். அவன் வாசலில் வரிசை. இவர் வாசலில் காகம்.

"சரி, குற்றம் என்ன?" என்றார் அல்பேட்.

"பெல்ட்டுக்கு மறைப்பில்லை. வழுக்காம இருக்க, ஓடுற பெல்ட்டுல கையால குங்கிலியம் தேய்க்க வைக்கிறான். எஞ்சின் அறை முழுக்க எண்ணெய்."

"இப்பிடிப் பொதுவா எழுதினாக் கந்தோரில மூலையில போட்டுருவாங்க. நடந்த சம்பவம் ஒண்டு வேணும்."

யோகராசா யோசித்தார். நல்லரத்தினத்தின் மில்லுக்குள் அவர் ஒருநாளும் கால் வைத்ததில்லை. மில் என்றால் எல்லாம் ஒரே மில்தானே!

"போன மாசம் ஒரு பொம்புளைட சீலைத் தலைப்பு பெல்ட்டுல மாட்டி இழுத்துப்போட்டுது. சீலை கிழிஞ்சபடியால உயிர் தப்பினா. முதலாளி என்ன சொன்னான் தெரியுமா? 'எஞ்சினை நிப்பாட்டாத, மறுகா ஸ்டார்ட் எடுக்க டீசல் ஆரு தாறது' எண்டான்."

"சீ! அவனும் ஒரு மனிசனா? இது கேள்விப்பட்டதா, கண்டதா?"

"கண்ணால கண்டது. எழுதுங்க."

பத்தாம் நாள் தொழிற்சாலைப் பரிசோதகர் றவூப் மட்டக்களப்பிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து நல்லரத்தினத்தின் மில் முன்னால் இறங்கினார். யோகராசா தன் வாசலில் நின்று பார்த்தார். கொஞ்ச நேரத்தில் அங்கே எஞ்சின் சத்தம் நின்றது.

"பூட்டிட்டான்!" யோகராசா தொடையில் தட்டினார்.

தட்டிய கை எடுக்குமுன் எஞ்சின் மறுபடி இரைந்தது. றவூப் வெளியே வந்தார். ரோட்டைக் கடந்து இவரிடமே வந்தார்.

"இது உங்கட மில்லா?"

"ஓம் ஐயா. அங்க... பூட்டல்லையா?"

"ஏன் பூட்ட? பெல்ட்டுக்கு மறைப்புக் கூடு அடிச்சிரிக்கி. குங்கிலியம் தேய்க்கிறதெண்டா எஞ்சினை நிப்பாட்டித்தான் தேய்க்கிறாங்க, இப்பவும் பார்த்தன். பெட்டிசத்துல உள்ள ஒண்டும் அங்க இல்லை. அப்ப அது இந்த மில்லாத்தான் இரிக்க வேணும்."

சொல்லிக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

மறைப்பில்லாத பெல்ட் விர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது. நிலமெல்லாம் எண்ணெய். பெல்ட்டை ஒட்டி, கையில் குங்கிலியத்தோடு, ஆறு வருஷமாக அங்கே வேலை செய்யும் அன்னப்பூரணி.

"எழுதினவர் எழுத்துக்கு எழுத்துச் சரியாத்தான் எழுதியிரிக்கார்" என்றார் றவூப்.

"ஐயா, சென்றியில இரும்புக் கம்பி விடமாட்டானுகள். கூட்டுக்கு நான் எங்க போற?"

"அங்க கமுக மரச் சிலாகையிலதான் அடிச்சிரிக்கார்."

அந்த 'அங்க' யோகராசாவைச் சுட்டது.

"இந்த நாட்டுல ஒரு நாளைக்கு எத்தனை உயிர் போகுது! நீங்க ஒரு சீலைத் தலைப்புக்கு வந்து நிக்கிறீங்க!"

"அதை நிப்பாட்ட எனக்கு ஏலாது. இந்த எஞ்சினை நிப்பாட்ட ஏலும். கூடு போட்ட பிறகு ஓட்டுங்க."

எஞ்சின் நின்றது. றவூப் அன்னப்பூரணியிடம் திரும்பினார்.

"சீலை கிழிஞ்சது உங்கடயா தங்கச்சி?"

"ஓம் ஐயா. வேலை போயிருமெண்டு நான் வெளியில ஆருக்கும் மூச்சு விடல்ல."

"பொய் ஐயா!" யோகராசா கத்தினார். "எவனோ எரிச்சல் பிடிச்சவன் மொட்டைப் பெட்டிசம் போட்டிரிக்கான். அதை நம்பி அறுவடை நேரத்துல எண்ட வயித்துல அடிக்காதீங்க!"

அன்னப்பூரணி கையிலிருந்த குங்கிலியத்தைக் கீழே வைத்தாள்.

"முதலாளி, அண்டைக்கு இந்த அறைக்குள்ள நிண்டது நீங்களும் நானும்தான். எனக்குக் கையெழுத்தும் வராது, பெட்டிசம் எழுதித் தர ஆளையும் தெரியாது. எழுதினவரைக் கண்டா நீங்களே சொல்லுங்க, எழுதினது போதும். நாளைக்கு விடிய வந்து பெல்ட்டுக்குக் கூட்டை அடிச்சுத் தரட்டும்!"