எட்டாயிரத்து நானூறு சுற்று

“யோக்கியமான ஆள் யாராவது இந்தத் தொழில்ல மிச்சம் இருக்காங்களான்னு தேடித்தாம்மா உங்ககிட்ட வந்தோம்” என்றார் மாமனார்.

எஞ்சின்காரம்மா நிமிரவில்லை. பந்தயக் காரின் எஞ்சின் அவர் மேசைமேல் பிரிந்து கிடந்தது. அவருக்கு முழங்கை வரை எண்ணெய்.

காரின் சொந்தக்காரரான மாப்பிள்ளை, மருந்துத் தொழிற்சாலையில் தர ஆய்வாளர். குறை காண்பதற்கென்றே அவதரித்தவர். மாமனார் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். மனைவி காலமானபின் மகள் வீட்டோடு வந்துவிட்டவர். கண்ட குறைக்கு உபதேசமும் அருளுபவர். எஞ்சினைப் புதுப்பித்துக் கட்டிய இளைஞனுக்குரிய தண்டனையை இருவரும் முன்பே தீர்மானித்துவிட்டு, விசாரணைக்காக மட்டும் இங்கே எழுந்தருளியிருந்தார்கள்.

“கட்டி வாங்கி எட்டே நாள், மேடம். டொக் டொக்னு சத்தம். ஆயில் பிரஷர் பாதாளத்துக்குப் போயிடுச்சு. கேட்டா, ‘என் தப்புதான் சார், திரும்பக் கட்டித் தரேன்’கறான்” என்றார் மாப்பிள்ளை.

“ஒத்துக்கிட்டாரா?” அம்மா இப்போதுதான் நிமிர்ந்தார்.

“தப்புப் பண்ணாதவன் ஒத்துப்பானா?” என்ற மாமனார், சட்டைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து விரித்தார். “பந்தயக் கழகத்துக்கு நானே கைப்பட எழுதினேன். இதைக் கொடுத்தா அவங்க பட்டியல்லேருந்து அவன் பேரை அடிச்சுடுவாங்க. அப்புறம் ஒருத்தன் அவன் கடை வாசலை மிதிக்க மாட்டான். ‘வேலை சரியில்லை’ன்னு நீங்க ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்.”

கருணையே வடிவெடுத்த கடிதம். ‘வருங்காலத் தலைமுறையின் நலன் கருதி’ என்று தொடங்கியது.

“வேலை சரியாத்தானே இருக்கு?” என்றார் அம்மா.

இருவர் முகங்களும் சுருங்கின. முன்பு கட்டியவனைத் தூற்றிவிட்டே எஞ்சினைத் தொடுவது இத்தொழிலின் சம்பிரதாயம். இதற்குமுன் காரைப் பார்த்த இரண்டு மெக்கானிக்குகளும் அதில் குறைவைக்கவில்லை. ஒருவர் பானெட்டைத் திறந்துகொண்டே திட்டினார். மற்றவர் திட்டியதோடு சரி, திறக்கவே இல்லை.

“ஒவ்வொரு போல்ட்டையும் அளவா முறுக்கி, மஞ்சக் கோடு போட்டு வெச்சிருக்காரு. ஒரு கோடு விலகல. போனது பேரிங். ஏன் போச்சுன்னு எஞ்சினோட கம்ப்யூட்டரே எழுதி வெச்சிருக்கு, பாருங்க.” முழங்கையால் மடிக்கணினியைத் திருப்பினார். “மூணாவது கியர்லேருந்து நாலுக்குப் போக வேண்டியவங்க, அவசரத்துல ரெண்டுல தள்ளியிருக்காங்க. நிமிஷத்துக்கு எட்டாயிரத்து நானூறு சுத்து! புதுசாக் கட்டின எஞ்சினை முதல் ஆயிரம் கிலோமீட்டர் வரைக்கும் நாலாயிரம் தாண்ட விடக் கூடாது. அந்தத் தம்பி சொல்லலையா?”

“சொன்னான், மேடம். கைக்குழந்தையைத் தூக்கிட்டுப் போற மாதிரி ஓட்டினேன்!” மாப்பிள்ளை மடிக்கணினியின்மேல் குனிந்தார். “இது என்னிக்கு?”

“புதன்கிழமை. சாயங்காலம் நாலு பத்து.”

“புதன்கிழமை நான் ஊர்லயே இல்லையே! வண்டி வீட்டுல பூட்டிக் கிடந்தது.”

மாமனார் ஒரு கணம் கண்மூடினார். அறம் தானாகவே வந்து அவர் நாவில் அமர்ந்தது.

“மாப்பிள்ளை, அவன்கிட்ட இன்னொரு சாவி இருந்திருக்கும். திருட்டுத்தனமா எடுத்து ஓட்டியிருக்கான். கடிதத்துல அதையும் ஒரு வரி சேர்த்துடறேன்.” பேனாவின் மூடி திறந்தது.

“எதுக்குங்க ஊகம்? அந்தத் தம்பியையே கேட்டுடலாம்” என்றார் அம்மா.

“திருடன்கிட்டயே போய்த் திருட்டை விசாரிப்பாங்களாம்மா? வேண்டாம். போன் எல்லாம் வேண்டாம்!”

அதற்குள் அம்மா போட்ட போனில் மணி ஒலித்தது. கையெல்லாம் எண்ணெய் என்பதால் அம்மா யாரிடமும் ஸ்பீக்கரில் போட்டே பேசுவது வழக்கம்.

“தம்பி, நீ கட்டின எஞ்சின் என் மேசையில இருக்கு. எட்டாயிரத்து நானூறை நான் பார்த்துட்டேன்; நீயும் பார்த்துத்தான் இருப்பே. உன் பேரை அடிக்கச் சொல்லிக் கடிதம் தயாரா இருக்குப்பா, என் கையெழுத்துதான் பாக்கி. செய்யாத தப்பை ஏன் ஒத்துக்கிட்டே?”

மறுமுனையில் ஒரு பெருமூச்சு.

“இருக்கட்டும்க்கா, என் வேலைதான் சரியில்லைன்னு கையெழுத்துப் போட்டுடுங்க. பாவம், அவங்க வீட்டுப் பெரியவர் கடை தேடி வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதுட்டாருக்கா. ஒரே ஒரு தடவை ஓட்டிப் பார்க்க ஆசைப்பட்டுட்டாராம். இது மாப்பிள்ளைக்குத் தெரிஞ்சா, அந்த வீட்டுல அவரு எப்படி நிமிர்ந்து உக்காந்து சாப்பிடுவாரு, சொல்லுங்க?”