அரைப்படி மணல்

“இன்னிக்கும் அரைப்படிதானா? ரெண்டு படியாக் கொட்டுனா சீக்கிரம் முடியுமில்ல?” என்றாள் செல்வம்மாள்.

“அவசரப்பட்டா இடுப்பு போயிடும்டி. வாரத்துக்கு அரைப்படி, அதுக்கு மேல கூடாது.” நல்லுசாமி மூட்டையில் மணலைக் கொட்டிவிட்டுச் சுவரில் ஒரு கரிக்கோடு இழுத்தான்.

போன மாட்டுப்பொங்கலன்று, அய்யனார் கோயில் முன்னால் கிடக்கும் உருண்டைக் கல்லை முழங்கால்வரை தூக்கிக் காலிலேயே போட்டுக்கொண்டவன் அவன். ஆண்டிமடத்திலிருந்து விருந்துக்கு வந்திருந்த மைத்துனன், செல்வம்மாளின் அண்ணன் தங்கசாமி, ஊர் நடுவே விழுந்து விழுந்து சிரித்தான்.

“அடுத்த பொங்கலுக்கு ஒங்க வூட்டு ஆள் தோள்ல இந்தக் கல்லு ஏறலேன்னா, மீசையை எடுத்துடணும் மாப்ள!”

ரோஷத்தில் இவனும் சரியென்றுவிட்டான். மீசையில்லாத தன் முகத்தை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

அறுப்பு முடிந்து வயலில் வேலை ஓய்ந்த சித்திரையில் ஆரம்பித்தான். திருமழபாடியிலிருந்து வண்டி கட்டிக் கொள்ளிட மணல் வந்தது. முதலில் பதினைந்து படி, பிறகு வாரா வாரம் அரைப்படி. உழவு நாளில் எடையைக் கூட்டமாட்டான். உடம்பு வலித்தால் ஒரு வாரம் குறைத்துக்கூடக் கொள்வான். நடுவில் உலக யுத்தமே முடிந்துவிட்டது, அவன் திட்டம் முடியவில்லை.

தினமும் காலையில் பத்துத் தடவை தோளுக்கு ஏற்றி இறக்கி, மூட்டையைக் கூடத்து நடுவில் போட்டுவிட்டு வயலுக்குக் கிளம்புவான். திரும்பி வரும்போது கூடம் சாணி மெழுகிப் பளிச்சென்றிருக்கும், மூட்டை மூலையில் இருக்கும். மறுநாள் அதை நடுவுக்குத் தூக்கி வருவதையும் பயிற்சியில் சேர்த்துக்கொண்டான், கெட்டிக்காரன்.

மார்கழிக் கடைசியில் மூட்டை முப்பது படியைத் தொட்டது. கோயில் கல்லைவிடக் கனம்! சந்தோஷம் தலைக்கேறியது. ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கவில்லை. போகியன்று ஒரே கொட்டாக ஐந்து படி மணலைக் கொட்டித் தூக்கினான். இடுப்பு பிடித்துக்கொண்டது.

மாட்டுப்பொங்கலன்று கோயில் முன்னால் வில்லாக வளைந்து நின்றான்.

“மாப்ள குனிஞ்சே நிக்கிறாரு, செரைக்க வசதிதான்!” தங்கசாமி மடியிலிருந்து சவரக் கத்தியை எடுத்தான். கூட்டம் கொல்லென்று சிரித்தது. நல்லுசாமிக்கு அழுகையே வந்துவிட்டது.

“கத்தியை மடக்குண்ணே.” செல்வம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். “ஒங்க வூட்டு ஆளுன்னுதானே அன்னிக்குச் சொன்னே?”

“அடி பைத்தியக்காரி, இது ஆம்பளைங்க கல்லு!”

அவள் முந்தானையை இழுத்துச் செருகினாள், குனிந்தாள். கண் மூடித் திறப்பதற்குள் கல் அவள் தோளில் இருந்தது.

ஊரே வாயைப் பிளந்து நிற்க, மூச்சுக்கூட வாங்காமல் அண்ணனிடம் கேட்டாள்:

“எங்க வூட்டு மூட்டைக்கு இது தேவலைண்ணே... எங்க வைக்கட்டும்?”