தூக்கிப் போட்டாச்சு

"அந்த ஹீட்டரை எப்பவோ தூக்கிப் போட்டாச்சுங்க" என்றாள் சிசுரு, கதவைப் பாதி மட்டும் திறந்து.

வாசல் பனியில் நின்ற யுகிமோரி கம்பெனிக்காரர் குனிந்து வணங்கினார். "எங்க பழைய மண்ணெண்ணெய் ஹீட்டர்ல விஷப்புகை கசியுதுங்கம்மா. ஒரு குடும்பமே தூக்கத்துல போயிடுச்சு."

"போன குளிர்காலமும் வந்து இதையேதான் சொன்னீங்க. புதுசை என் தலையில கட்டத்தானே?"

"இல்லீங்கம்மா... உள்ள மண்ணெண்ணெய் வாசத்தோட, ஹீட்டர் மேல மோச்சி அரிசிப் பலகாரம் சுடுற வாசமும் வருதே!"

சிசுருவின் முகம் சிவந்தது. "நல்லா எரியுற சாமானைத் தூக்கிப் போட யாருக்குங்க மனசு வரும்?"

அவர் உள்ளே வந்து ஹீட்டரை அணைத்தார். ஆறியதும் வேனில் ஏற்றிவிட்டு, புது ஹீட்டர் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். காசு வாங்கவில்லை.

அதிலிருந்த பெயரைப் பார்த்த சிசுரு திகைத்தாள். "இது உங்க போட்டிக் கம்பெனியோடதாச்சே! உங்க ஹீட்டர் எங்க?"

"நாங்க ஹீட்டர் செய்யறதையே நிறுத்திட்டோம். ஃபேக்டரியையும் வித்தாச்சு."

"அப்ப உங்க கம்பெனி என்னதாங்க செய்யுது?"

"வித்ததையெல்லாம் தேடுதுங்கம்மா. கடைசி ஹீட்டர் கிடைச்சதும் கம்பெனியை மூடிடுவோம்."

சிசுரு அவரைவிடத் தாழக் குனிந்து வணங்கிவிட்டு, பனி பூட்ஸை மாட்டிக்கொண்டாள்.

"வாங்க, பக்கத்து வீட்டுக்குப் போவோம். குனியோவும் தூக்கிப் போட்டாச்சுன்னுதான் சொல்லியிருப்பாரு. நேத்து அவரு ஹீட்டர் முன்னால உக்காந்துதான் டீ குடிச்சேன்!"