நேரில் அளந்தவர்

"அப்பா, டிவிக்காரங்க வாசல்லயே நிக்கிறாங்க. ரெண்டே வார்த்தை பேசினா போதுமாம். எழுந்திருங்கப்பா!"

"எனக்கு உடம்பு சரியில்லைன்னு சொல்லும்மா."

"நேத்தும் இதையேதான் சொன்னீங்க."

ஓய்வுபெற்ற சர்வேயர் கட்டிலை விட்டு எழவில்லை. மகள் வாசலுக்குப் போனாள். "தப்பா எடுத்துக்காதீங்க. அப்பாவுக்குப் புகழ்ச்சியே பிடிக்காது" என்று அவள் சொல்வது உள்ளே கேட்டது. அவர் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

முந்தின நாள்தான் தீர்ப்பு வந்திருந்தது. இரண்டு வழிபாட்டு இடங்களுக்கு நடுவே கிடந்த ஒரு துண்டு நிலம். அது எங்களுடையது என்று இரண்டு சமூகங்களும் பதினெட்டு வருடம் வழக்காடின. கடைசியில் சர்வேயரின் சொந்த சமூகம் தோற்றுப்போனது. தோற்கடித்தது அவர் அளந்து போட்ட வரைபடம்.

வழக்கு தொடங்கிய இரண்டாவது வருடம் அவர் கூண்டில் ஏறி, "அந்த நிலம் அவங்களுக்குத்தான் சொந்தம்" என்று சாட்சி சொன்னார். அன்று சாயங்காலமே வீட்டுச் சுவரில் 'துரோகி' என்று தாரால் எழுதிவிட்டார்கள். மகளின் கல்யாணத்துக்குச் சொந்தபந்தம் ஒன்றுகூட எட்டிப் பார்க்கவில்லை. கூடப்பிறந்த தம்பியே பேச்சை நிறுத்திக்கொண்டான்.

நேற்றிலிருந்து ஊரின் பேச்சு தலைகீழாக மாறிவிட்டது. கடைத்தெருவில் மைக்கை நீட்டியபோது, தோற்ற தரப்பு ஆட்களே சொன்னார்கள்.

"வயித்தெரிச்சலாத்தான் இருக்கு. ஆனா அளந்தது நம்ம ஆளாச்சே! சொந்த சனத்துக்கு எதிராவே ஒரு மனுஷன் சொல்றார்னா, அதுல பொய் இருக்குமா?"

கடைகளை அடைத்துவிட்டு ஊரே கலவரத்துக்குப் பயந்து காத்திருந்தது. ஒரு கல்கூடப் பறக்கவில்லை.

மகள் திரும்பி வந்தாள். "அப்பா... சித்தப்பா வந்திருக்காரு."

சர்வேயர் போர்வையை விலக்கிவிட்டு எழுந்து உட்கார்ந்தார்.

தம்பி அறை வாசலிலேயே நின்றான். தலை முழுக்க நரைத்திருந்தது. ஒர்க்ஷாப்பிலிருந்து நேராக வந்திருக்க வேண்டும். சட்டையெல்லாம் கிரீஸ் கறை. அக்குளில் ஒரு செய்தித்தாள்.

"உள்ள வாடா."

"வர்றதுக்கு எனக்குத் தகுதி இருக்காண்ணே?"

"வாடான்னா."

தம்பி வந்து கட்டில்காலை ஒட்டித் தரையில் உட்கார்ந்தான்.

"அண்ணி தவறிப்போனப்ப தெருமுனை வரைக்கும் வந்தேண்ணே. நம்ம ஆளுங்க நாலு பேர் அங்க நின்னுக்கிட்டிருந்தாங்க. அவங்க என்ன சொல்லுவாங்களோன்னு அப்படியே திரும்பிட்டேன். நீ இங்க தனியாக் கிடப்பியேன்னு எனக்குத் தோணவே இல்ல."

"விடுடா. நீ கோபப்பட்டதுல தப்பே இல்ல."

"இப்படிப் பேசியே கொல்லாதண்ணே. நல்லா நாலு வார்த்தை திட்டிடு."

"உன்னைத் திட்ட நான் யாருடா?" சர்வேயரின் கண்கள் நிறைந்துவிட்டன.

மகள் இருவருக்கும் டீ கொண்டுவந்து வைத்தாள். "நீங்களாவது சொல்லுங்க சித்தப்பா. தீர்ப்பு வந்ததிலேர்ந்து பச்சைத் தண்ணிகூடப் பல்லுல படல. கோர்ட்டே பாராட்டியிருக்கு, இவர் என்னடான்னா எதையோ பறிகொடுத்தவர் மாதிரி கிடக்கிறாரு."

தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டு செய்தித்தாளை விரித்தான். "அண்ணனைப் பத்தி ஜட்ஜ் எழுதினதை அப்படியே போட்டிருக்காங்கம்மா. தலைப்பை மட்டும்தான் பார்த்தேன். மீதியை அண்ணன் முன்னாடிதான் படிக்கணும்னு மடிச்சு எடுத்துட்டு வந்துட்டேன்."

"வேணாம்டா." சர்வேயர் சட்டென்று கையை நீட்டினார். "அதை இப்படிக் குடு."

"பாருங்க, இதுக்கும் கூச்சம்!" மகள் சிரித்தாள்.

"குடுடா. சொன்னாக் கேளு."

"மாட்டேண்ணே. அன்னைக்குச் சுவத்துல எழுதினவன் கையில தார் டப்பாவைக் குடுத்ததே நான்தான். இன்னைக்கு இதை என் வாயால சொன்னாத்தான் என் மனசு ஆறும்."

தம்பி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி நிறுத்திப் படித்தான்.

"'இந்தச் சாட்சி எந்தப் பக்கமும் சாயாதவர். வழக்கு தொடங்கிய ஆண்டில், ஜூன் பதினொன்றாம் தேதி, இரு தரப்பையும் அருகில் விடாமல், காலை ஆறு மணி முதல் மாலை ஆறு மணி வரை அந்த நிலத்தைத் தாமே நேரில் நின்று அளந்ததாகச் சத்தியம் செய்து கூறியிருக்கிறார். இவரை நம்பாமல் இந்த நீதிமன்றம் வேறு யாரை நம்பும்...'"

தம்பியின் குரல் நின்றது. படித்த வரிக்கே திரும்பிப் போனான். கிரீஸ் படிந்த விரல் தேதியின் மேல் ஊன்றி நின்றது.

அண்ணன் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அந்த வருஷம் ஜூன் பதினொண்ணு என் பொண்ணு செத்த நாளுண்ணே. விடிஞ்சதிலேர்ந்து இருட்டுற வரைக்கும், ஆஸ்பத்திரியில என் கையைப் பிடிச்சுக்கிட்டு நீ என் பக்கத்துலதானே உட்கார்ந்திருந்தே?"